வெங்கடேஷ்பாபுவுக்கு மட்டும் சிவப்பு

தல்லாகுளம்,
மதுரை.

அன்புள்ள சௌந்தரராஜன் அண்ணாவுக்கு,

ரங்கநாயகி எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரரும் சுகம்; அவருடைய முழங்கால் வலியையும் சுகத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கும் காவ்யஸ்ரீக்கும் மீனாட்சி துணையிருக்கட்டும். போனில் சொல்லலாம்தான், நான் பாதி சொல்லும்போதே அண்ணி ரிசீவரை வாங்கி மீதியைத் தானே முடித்துவிடுவார் என்பதால் இந்த இன்லண்ட் லெட்டர்.

காவ்யஸ்ரீக்குப் பேசியிருக்கும் வெங்கடேஷ்பாபு என் ஆபீசில்தானே இருக்கிறான், பையன் எப்படி, உன் பதிலை வைத்துத்தான் சம்மதம் சொல்வேன் என்று எழுதியிருந்தீர்கள். என் வேலையைச் சொல்லாமல் அவனைப் பற்றிச் சொல்ல முடியாது. நாங்கள் கல்யாண மண்டபங்களுக்கு புக்கிங் சாப்ட்வேர் செய்கிறோம். புரோகிராமில் யார் எதை மாற்றி அனுப்பினாலும் உடனே கம்ப்யூட்டரே அந்த நேரத்துக்கு ஓர் ஒத்திகை புக்கிங்கும் போட்டு அதைச் சோதித்துப் பார்க்கும். சரியென்றால் பச்சை, மாற்றம் தானே சேர்ந்துவிடும்; தவறினால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் தப்பு மாற்றத்தில் இருக்கிறதா, சோதனையிலேயே இருக்கிறதா, இல்லை நடுவில் கரண்ட் போய் வந்ததா என்று பிரித்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் நான் மாற்றத்தை ஏற்பேன். கணக்கு டீச்சராகப் பேப்பர் திருத்தியவளுக்கு இது பழகிய வேலைதான்.

பையன் லட்சணமாக இருக்கிறான். பணிவு. டீ குடித்த டம்ளரைத் தானே கழுவி வைக்கிறான். ஆனால் அவன் அனுப்புவதில்தான் அடிக்கடி சிவப்பு விழுகிறது, அதுவும் ஒரே இடத்தில்: புது புக்கிங் பதிவாகவில்லை என்று. பக்கத்து நாற்காலி முத்திருளனுக்கு ஒரு நாளும் விழுந்ததில்லை. அவன் வேலையை முடித்து, டீயைக் குடித்து, தலைக்கு மேல் தொங்கும் தினசரிக் காலண்டரை ஒரு பார்வை பார்த்து, சாவகாசமாகத்தான் அனுப்புவான். நிதானஸ்தன். இவனுக்கோ முடித்த கை சும்மா இருக்காது. ஏன்ப்பா சிவப்பு என்று கேட்டால், "நான் புக்கிங் பக்கமே போகலக்கா. பில்லுல எழுத்தைப் பெருசாக்குனேன், அம்புட்டுத்தான். கொஞ்சம் பொறுத்து ஓட்டிப் பாருங்க, பச்சையாயிரும்" என்பான். இரண்டு மணி நேரம் கழித்து ஓட்டினால் பச்சை! "என்னப்பா மாத்துன?" "ஒண்ணும் மாத்தலக்கா." கம்ப்யூட்டரில் தேடினேன், எதையும் மாற்றியதாகக் காணோம். தடயமே இல்லாமல் செய்கிறானே என்று அப்போதுதான் எனக்கு அதிகம் பயம் வந்தது. முத்திருளன் வேறு, "மாப்ள, நீ கைய வச்சாலே மண்டபம் கதவைச் சாத்திக்குதுடா. உன் கல்யாணத்துக்கு எவன் இடம் குடுப்பான்?" என்று சிரிக்கிறான்.

தப்புச் செய்கிறவரைத் தாங்கிக்கொள்ளலாம் அண்ணா, என் வீட்டிலேயே ஒருவரைத் தாங்குகிறேன். ஆனா செஞ்சதை இல்லைன்னு இம்புட்டு அமைதியாச் சொல்றவன் நாளைக்கு நம்ம பொண்ணுகிட்டயும் அப்படித்தானே சொல்லுவான்? ஒரு பையனை வேண்டாம் என்று எழுதும்போது பேனா இவ்வளவு சுலபமாக ஓடுவது எனக்கே உறுத்துகிறது. இருந்தாலும் என் பதில் சிவப்பு. இந்த இடம் வேண்டாம்.

அண்ணிக்கு என் நமஸ்காரம். காவ்யஸ்ரீக்கு ஆசிகள், கோபம் வந்தால் அத்தைமேல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
ரங்கநாயகி

பி.கு.: மடிக்கிற ஓரத்தில் எழுதுகிறேன், கண்ணாடி போட்டுப் படியுங்கள். இன்று ஆபீஸ் போகிற வழியில் இதைத் தபாலில் போடக் கிளம்பினேன். "ராகுகாலம் முடியட்டும், அப்புறம் போயேன்" என்றார் வீட்டுக்காரர். எம்.எஸ்ஸி. படித்தவள், இதையெல்லாம் நம்பாதவள், வாதாடச் சோம்பல்பட்டுச் செருப்போடு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் முத்திருளனின் காலண்டர் ஞாபகம் வந்தது. ராகுகாலத்திலேயே எழுந்து ஓடி அவனைக் கேட்டேன். "ஆமாக்கா, ராகுகாலத்துல புக்கிங் விழக்கூடாதுன்னு வண்டியூர் மண்டபக்காரர் சொன்னாரு. அப்பவே புரோகிராம்ல போட்டுட்டேன். இதைப் போயி தனியா எதுக்குச் சொல்றது? அந்த நேரத்துல எவனாச்சும் புதுசா ஒண்ணை அனுப்புவானா?" அனுப்புகிறவன் ஆபீசில் ஒருவன்தான். ராகுகாலம் பார்க்காமல் ஒத்திகை புக்கிங் போட்டு, அது பதிவாகாததும் சிவப்பு காட்டிய அந்தச் சோதனையை எழுதியவள் நான். வெங்கடேஷ்பாபுவிடம் போய் வருத்தம் தெரிவித்தேன். "பரவால்லக்கா" என்றவன், கொஞ்சம் யோசித்துவிட்டு, "ராகுகாலம்னா எத்தன மணிக்குக்கா?" என்றான்.

வேறு இன்லண்ட் லெட்டர் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். இன்றே சம்மதம் சொல்லிவிடுங்கள். பெண் பார்க்க வரும் நேரத்தை மட்டும் நீங்களே குறித்துக்கொடுங்கள், அவனிடம் விடாதீர்கள்.