அண்ணே, வண்டி என்னைத் தாங்குகிறது

திண்டுக்கல்,
சனிக்கிழமை.

அன்பிலும் அதட்டலிலும் குறை வைக்காத அண்ணன் ராயப்பராஜ் அவர்களுக்கு,

தங்கை அமலராணி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளை சூசையும் உங்கள் மருமகள் அனிஷாவும் ஆண்டவர் புண்ணியத்தில் முழுசாக இருக்கிறோம். 'முழுசாக' என்ற வார்த்தையை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன். பாலசமுத்திரத்தில் நீங்களும் அண்ணியும் தென்னங்கன்றுகளும் நலம்தானே?

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் 'அண்ணே, வண்டி...' என்று ஆரம்பித்ததுமே நீங்கள் 'வேணாம்' என்று முடித்துவிடுகிறீர்கள். ரயில்வே கார்டாக ஊருக்கெல்லாம் பச்சைக்கொடி காட்டியவர், கூடப்பிறந்தவளுக்கு மட்டும் சிவப்பு காட்டுவது என்ன நியாயமோ தெரியவில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. பேசினாலும் எனக்குக் கேட்காது. அதனால் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்து படியுங்கள். பைக் வாங்கிவிட்டேன். ஸ்கூட்டர் இல்லை. காலைத் தூக்கிப் போட்டு ஏறுகிற, கியர் வைத்த பைக்.

கத்தி முடித்தாயிற்றா? மேலே சொல்கிறேன்.

தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு கொடுத்து, ஆத்தூருக்கும் உள்ளே தள்ளி இருக்கிற பள்ளிக்கூடத்தில் என்னைப் போட்டது உங்களுக்குத் தெரியும். 'முடியலைன்னு எழுதிக் குடுத்துட்டு பழைய ஸ்கூல்லயே இருத்தா' என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. ஆனால் அந்த நாற்காலிக்காக எத்தனை வருசம் காத்திருந்தேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். கஷ்டம் நாற்காலியில் இல்லை, அங்கே போய்ச் சேருவதில்தான். அந்த ஊருக்குப் போகிற பஸ், பள்ளிக்கூடத்தில் மணி அடித்து, பிரேயர் முடிந்து, பிள்ளைகள் வகுப்புக்குள் போன பிறகு ஆடி அசைந்து வரும். லேட்டாக வருகிறவர்களைக் கண்டிக்க வேண்டியவள் லேட்டாக வருகிறவர்களோடு சேர்ந்து கேட்டுக்குள் நுழைந்தால் எப்படி இருக்கும்? மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, 'டீச்சர், நாம இன்னைக்கும் லேட்டா?' என்று கேட்டது. அந்த 'நாம'வில் நானும் இருந்தேன் அண்ணே.

சரி, செம்பட்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கலாம் என்று பார்த்தேன். என் உடம்பு சின்ன வயசிலிருந்தே இப்படித்தான் என்பதும், நம் வீட்டு வாசல்படியில் குனிந்து போகிற ஒரே பெண்பிள்ளை நான்தான் என்பதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே, 'டீச்சர் வாராங்க, ரெண்டு பேரு எறங்கி அடுத்த வண்டில வாங்கப்பா' என்று சத்தம் போடுவார். அவர் கெட்டவர் இல்லை, அது அவருடைய கணக்கு. ஒருநாள் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, யாரும் சொல்லாமலே கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வெயிலில் நின்றார். 'நீ போத்தா, பிள்ளைக காத்துக்கெடக்கும்' என்றார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அந்தம்மா கோபமே இல்லாமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. பூவெல்லாம் வாடிப்போகும் அண்ணே, அந்த வெயிலில். அன்றைக்கு ஆட்டோவில் போகிறபோதே முடிவு பண்ணினேன், இனி யாரையும் இறக்கிவிட்டு நான் ஏறுவதில்லை என்று.

முதலில் நீங்கள் சொன்னது மாதிரி ஸ்கூட்டரைத்தான் பார்த்தேன். பக்கத்து வீட்டு ரஃபியா தன் ஸ்கூட்டரைக் கொடுத்து, 'சைக்கிள் ஓட்டுனவங்கதான டீச்சர், இது ஒண்ணுமில்ல, சும்மா முறுக்குங்க' என்றாள். முறுக்கினேன், போனது. ஆனால் என் முழங்கால் இருக்கிற உயரத்துக்கு ஹேண்டில் என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. இடது முழங்காலையாவது கொஞ்சம் ஒதுக்கலாம். வலது முழங்கால்தான் வாதம் வந்ததிலிருந்து சொன்ன பேச்சுக் கேட்காதே! அது நட்டுவைத்த மாதிரி நிற்க, ஹேண்டில் அதில் இடித்துக்கொண்டு வலதுபக்கம் திரும்பவே மாட்டேன் என்றது. நிறுத்தினால் விழுந்துவிடுவேனோ என்று பயம். அதனால் இடது பக்கம் வந்த தெருவில் எல்லாம் திரும்பிக்கொண்டே போனேன். எல்லாரும் மலைக்கோட்டையை வலம் வருவார்கள், நான் இடம் வந்தேன். பேகம்பூரில் ஒரு டீக்கடைக்காரர் என்னை இரண்டாவது தடவை பார்த்தபோது, 'யாரைத் தேடுறீங்க டீச்சர்?' என்று அக்கறையாகக் கேட்டார். 'வலது பக்கத்தை' என்றேன். எப்படியோ இடது இடதாகவே வீடு வந்து சேர்ந்து, ரஃபியாவின் வேப்பமரத்தில் சாய்ந்து நின்றேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மரத்துக்குக் கொஞ்சம்.

ஸ்கூட்டர் ஆகாது, பைக்தான் என்றாள் அனிஷா. ஷோரூமுக்குப் போனோம். அங்கே டை கட்டிய தம்பி ஒருவர் உங்கள் மாப்பிள்ளையைத்தான் விழுந்து விழுந்து கவனித்தார். வண்டி எனக்கு என்று சொன்னதும் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். 'பின்னாடி யாரும் உக்காருவாங்களா மேடம்?' என்றார். 'எங்க வீட்டுக்காரர்' என்றேன். உங்கள் மாப்பிள்ளை ஈரத்துணியைப் பிழிந்து தொங்கவிட்ட மாதிரி பக்கத்தில் நிற்கிறார். அவரைப் பார்த்ததும் தம்பி முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதைச் சொல்ல முடியாது. மைலேஜ் வண்டி ஒன்றில் ஏறி உட்கார்ந்தேன். பின்பக்கம் 'ங்' என்று ஒரு சத்தம் போட்டு உட்கார்ந்துகொண்டது, நானும் கூடவே உட்கார்ந்தேன். அடுத்து, 'உங்க பெர்சனாலிட்டிக்கு இதுதான் மேடம்' என்று எருமைக்கிடா மாதிரி ஒன்றைக் காட்டினார். அதில் என் முழங்காலுக்கு மட்டுமில்லாமல் என் பெருமைக்கும் தாராளமாக இடம் இருந்தது. விலையைக் கேட்டதும் அனிஷா என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டாள்.

கடைசியில் நாகல் நகரில் பழைய வண்டி வாங்கி விற்கிற அஸ்பாக் கடைக்குப் போனோம். போகிற வழியிலேயே உங்கள் மாப்பிள்ளை, 'உனக்குன்னு சொன்னா வெலையக் கூட்டிருவாங்ய. எனக்குன்னே சொல்லுவோம். நீ சும்மா தொணைக்கு வந்த மாதிரி நில்லு' என்றார். அவரிடம் லைசென்ஸ் உண்டுதான். கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது. அதில் இருக்கிற போட்டோவில் அவருக்கு இன்னும் மீசைகூட முளைக்கவில்லை. கடையில் நூற்றைம்பது சிசி வண்டி ஒன்று நின்றது. கறுப்பு நிறம், அகலமான சீட், உயரமான ஹேண்டில். அவர் பந்தாவாகக் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். ஸ்டாண்டை எடுத்தார். வண்டி மெதுவாக, ரொம்ப மரியாதையாக, வலது பக்கம் சாய்ந்து அவரோடு தரையில் படுத்துக்கொண்டது. எனக்கு வந்த பதற்றத்தில், ஒரு கையால் ஹேண்டிலையும் இன்னொரு கையால் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியையும் பிடித்துத் தூக்கி நிறுத்தி, பிறகு அவரையும் தூக்கி நிறுத்தினேன். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். 

'சார்,' என்றார் அஸ்பாக், 'வண்டி உங்களுக்கா, டீச்சருக்கா?'

'எனக்குத்தான்' என்றேன் நான். சொல்லிவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினேன்.

ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. முழங்கால் எதிலும் இடிக்கவில்லை. ஹேண்டில் வலதுபக்கம் திரும்பியது! திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்ததை அஸ்பாக் பார்த்துவிட்டு, ஸ்பிரிங்கை இறுக்கிக் கொடுத்தார். 'அம்புட்டுதான் டீச்சர், இப்ப உக்காருங்க' என்றார். உட்கார்ந்தேன். 'ங்' இல்லை. விலையும் நம்மால் முடிகிற விலைதான், அதற்குமேல் கேட்காதீர்கள்.

ஓட்டச் சொல்லிக் கொடுத்தது அனிஷா. கோயில் மைதானத்தில், பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளை விரட்டுகிற அதே குரலில் என்னை விரட்டினாள். 'அம்மா, கிளட்ச்ச மெதுவா விடு! மெதுவான்னா மெதுவா! அது கோழிக்கழுத்து இல்ல!' வண்டி ஆயிரம் தடவை அணைந்தது. ஒருநாள் கிளப்பிவிட்டேன். நிறுத்தத்தான் தெரியவில்லை. எதிரே இருந்த ஆடுகள், மற்ற யார் வந்தாலும் வழிவிடாமல் படுத்திருப்பவை. என்னைப் பார்த்ததும் மைதானத்தைக் காலி செய்துவிட்டன. 'பிரேக்கு! பிரேக்கு!' என்று கத்திக்கொண்டே என் மகள் பின்னால் ஓடிவர, மண்குவியலில் முட்டி நின்றேன். விழவில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். நின்றேன். அனிஷா மூச்சு வாங்க வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் சிரித்தாள். அப்புறம், 'எடு வண்டிய, திரும்ப ஓட்டு' என்றாள். அவள் பிறந்ததற்கு நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

இனிமேல்தான் முக்கியமான விசயம். முன்னும் பின்னும் 'எல்' ஒட்டிக்கொண்டு, முதல் முதலாகப் பள்ளிக்கூடம்வரை ஓட்டிப் பார்ப்பது என்று போன திங்கட்கிழமை கிளம்பினேன். பின்னால் உங்கள் மாப்பிள்ளை. ஊரைத் தாண்டும்வரை ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தார், அது என் ஹெல்மெட்டுக்குள்ளும் கேட்டது. அப்புறம் சத்தம் நின்றது. பயம் தெளிந்துவிட்டது போல என்று நினைத்து, அவரோடு பேசிக்கொண்டே ஓட்டினேன். வீட்டில் இத்தனை நாளாகச் சொல்லாததெல்லாம் அன்றைக்கு வந்தது. முகத்தைப் பார்க்காமல் பேசுகிறபோது எப்படியோ வந்துவிடுகிறது. 'என்னங்க, எனக்குப் பயமே இல்லைன்னு நெனைக்காதீங்க. தெனமும் சிலுவை போட்டுக்கிட்டுத்தான் சாவியத் தொடுறேன். அந்தப் பூக்காரம்மா எறங்கி நின்னாங்கள்ல, அன்னைக்கு நான் பாத்ரூம்ல தண்ணியத் தெறந்துவிட்டு அழுதேன். நீங்க ஏன் கண்ணு செவந்திருக்குன்னு கேட்டீங்க, நான் சோப்புன்னேன். இம்புட்டு ஒடம்ப வச்சுக்கிட்டு வண்டி ஓட்டுனா சனம் சிரிக்கும்னு எனக்கும் தெரியும். ஆனா நீங்க ஒரு நாளும் சிரிக்கல. அது எனக்குப் பெருசுங்க' என்று என்னென்னவோ சொன்னேன். லாரி வந்தால் நிறுத்தி, மாடு வந்தால் நிறுத்தி, செம்பட்டியில் வலது பக்கமாகத் திரும்பி, ஆத்தூரும் தாண்டி, பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, 'எறங்குங்க' என்றேன். யாரும் இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். சீட்டு மட்டும் இருந்தது.

அண்ணே! எங்கே விழுந்தாரோ, எந்த லாரிக்கு அடியிலோ! போனை எடுத்தேன். அதில் ஏகப்பட்ட மிஸ்டு கால், எல்லாம் அவரே. கூப்பிட்டேன். 'நல்லாருக்கேன், நல்லாருக்கேன். ஊரைத் தாண்டுனதும் வேகத்தடையில நின்னேல்ல? என் செருப்பு ஒண்ணு விழுந்துருச்சு, எறங்கி எடுக்குறதுக்குள்ள நீ கெளம்பிட்ட. நானும் ஓடிவந்து கத்துனேன்!' என்றார். தொப்பென்று அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஊர் எல்லையிலிருந்து பள்ளிக்கூடம்வரை நான் தனியாக ஓட்டி வந்திருக்கிறேன். இன்னும் முதல் மணிகூட அடிக்கவில்லை! பியூன்கூட வரவில்லை. என் பள்ளிக்கூடத்தின் பூட்டை நானே திறந்தேன். அண்ணே, அந்த நிம்மதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நெஞ்சின்மேல் இருந்த அம்மிக்கல்லை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

செத்த நேரத்தில் அவர் ஷேர் ஆட்டோவில், நடு சீட்டில், கால் நீட்டி உட்கார்ந்து வந்து இறங்கினார். 'என்னமோ பேசிக்கிட்டே போனியே, என்ன சொன்ன?' என்றார்.

'வண்டி நல்லா ஓடுதுன்னு சொன்னேன்' என்றேன்.

இவ்வளவுதான் விசயம். இப்போது தினமும் மணி அடிக்குமுன் போய்விடுகிறேன். லேட்டாக வருகிற பிள்ளைகளைக் கண்டிக்கிற முழு உரிமையோடு கேட்டில் நிற்கிறேன். நீங்கள் பயப்படாமல் இருக்க உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்த வண்டி வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும்தான். ஒட்டன்சத்திரம் பக்கம், பழனி ரோடு, லாரி ஓடுகிற இடம் என்று எங்கேயும் தலைவைத்தும் படுக்க மாட்டேன். வாரநாள் மட்டும் எடுப்பேன், ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கும் ஓய்வு. கோபம் ஆறியதும், சாவகாசமாக, போன் செய்யுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. மாதா உங்கள் இருவரையும் உங்கள் தென்னங்கன்றுகளையும் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உங்கள் கனமான தங்கை,
அமலராணி,
தலைமையாசிரியை.

பி.கு.: உறையில் தபால்தலை இல்லையே என்று நீங்கள் யோசிக்குமுன் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நேற்று எழுதி முடித்ததும் தபாலில் போட்டால் எப்போது வந்து சேருமோ என்று தோன்றியது, விடிந்ததும் நானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒட்டன்சத்திரம் வழியாகத்தான் வந்தேன், வேறு வழி ஏது? தபால் வந்திருக்கிறது என்று அண்ணியைச் சொல்லச் சொன்னதும் நான்தான், அவரை ஒன்றும் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் முன்னால் வெளியே கேட்டது பம்ப்செட் சத்தம் இல்லை. உங்கள் தென்னந்தோப்பு வாசலில் நிற்கிறேன், உங்கள் மாப்பிள்ளையும் இருக்கிறார், இப்போதுதான் தொட்டுப் பார்த்தேன். திட்டுவதானால் வெளியே வந்து திட்டுங்கள். வரும்போது ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். பழனிவரை ஒரு ரவுண்டு கூட்டிப் போகிறேன்.