பால்டி அண்ணாச்சியை யார் கூப்பிட்டது?

பால்டி அண்ணாச்சி இருந்த காலத்தில் தாராவியில் எங்கள் சந்தில் ஒரு பீடியை முழுசாகக் குடித்து முடித்த ஆம்பிளை கிடையாது. பாதி பீடியில் தலைமேல் தண்ணீர் விழும். திரும்பிப் பார்த்தால் காலி வாளியோடு அவர் நிற்பார். "கூரைக்குக் கீழ நின்னு சாம்பலத் தட்டுதீரே, கண்ணு தெரியலயா?" என்பார். வருத்தமெல்லாம் தெரிவிக்கமாட்டார். அடுத்த வாளி பிடிக்கப் போய்விடுவார்.

வாளிக்குப் பம்பாய் இந்தியில் பால்டி. அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். நானும் அந்தப் பக்கம்தான். இரண்டு பேருக்கும் தோல் பதனிடும் ஒரே கார்கானாவில் வேலை. அவர் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் முக்குவார், நான் காய்ந்த தோலை அடுக்குவேன். வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஆள் எழுந்து போய்விடுவான். அப்படிப்பட்ட வேலை.

அவர் வீட்டு வாசலில் எப்போதும் இரண்டு பால்டி இருக்கும். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மணல். ஒரு கோடையில் குழாய் வறண்டு சந்தே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தது. குளிக்க ஒரு செம்பு தண்ணீர் கேட்டுப் போனேன்.

"இது குளிக்கத் தண்ணி இல்ல தம்பி."

"பின்ன?"

"தீத் தண்ணி."

"அப்ப நான் நாறிக்கிட்டே வேலைக்குப் போகவா?"

"நீ போறது தோல் கார்கானாவுக்கு. குளிச்சிட்டுப் போனா மட்டும் மணக்கவா போற?"

அன்றைக்கு நான் அவரை ஏசிய ஏச்சை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள்.

பாண்டுப்பில் அவருடைய சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நானும் போயிருந்தேன். ஹோமத்தில் ஐயர் நெய்யைக் கொஞ்சம் தாராளமாக விட்டுவிட்டார். தீ எழும்பிப் பந்தல் துணியை எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். ஹோமம், ஐயர், மாப்பிள்ளையின் பட்டு வேட்டி எல்லாம் ஒரே வீச்சில் நனைந்தன. பால்டி எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எவனுக்கும் தெரியாது. எங்களைச் சாப்பிட விடாமல் அனுப்பிவிட்டார்கள். நான் என்ன செய்தேன், என்னையும் சேர்த்து!

அவர் மனைவியை நாங்கள் மதினி என்போம். ரயிலில் வழியெல்லாம் மதினியின் அர்ச்சனை நடந்தது.

"பத்திரிகை வச்சுக் கூப்பிட்டது மொய் எழுதவா, தீய அணைக்கவா?"

"பந்தலு எரிஞ்சிருந்தா எங்கன உக்காந்து மொய் எழுதுவ?"

மதினி மட்டுமல்ல, அந்தப் பெட்டியில் இருந்த மராட்டிக்காரியும் தலையில் அடித்துக்கொண்டாள்.

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு யுத்தம் வந்தது. சைரன் ஊதினார்கள், விளக்கை அணைக்கச் சொன்னார்கள், தீயணைக்கத் தொண்டர் வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் முதலில் போய் நின்றவர் இவர். ஒரு விசிலும் காக்கிச் சட்டையும் கொடுத்தார்கள். அந்தச் சட்டைக்குள் இன்னொரு அண்ணாச்சியையும் நுழைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா மைதானத்தில் பயிற்சி. தொண்டர்களுக்கு மேலே இருந்த வார்டன் மாட்டுங்காவில் குடியிருந்த ஒரு ஆபீஸ் உத்தியோகஸ்தர். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். அதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

யுத்தம் முடிந்தது, தீ முடியவில்லை. தீ ஞாயிற்றுக்கிழமை பார்த்து வருவதும் இல்லை. வேலை நேரத்தில் எங்கே புகை தெரிந்தாலும் அண்ணாச்சி ஓடிவிடுவார். இதனாலேயே முன்பு செம்பூரில் ஒரு வேலை போயிற்று, டிராம்பேயில் ஒரு வேலை போயிற்று. எங்கள் கார்கானா சேட்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் சட்டசபையில் ஒரு சட்டம் வந்தது. தீயணைக்கப் போகிற தொண்டனை முதலாளி வேலையை விட்டு நீக்கக் கூடாது, சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. அண்ணாச்சி சந்து முழுக்கப் பேடா கொடுத்தார். பீடி குடிக்கிறவனுக்கும் கொடுத்தார். சேட்டுக்கும் ஒன்று கொண்டுபோய் நீட்டினார். அவன் வாங்கித் தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வார்டன் அந்த இனிப்பில் மண்ணைப் போட்டார்.

"ஓய், முழுசாக் கேளும். அதிகாரி கூப்பிட்டுப் போனாத்தான் சட்டம் உம்மைக் காப்பாத்தும். உமக்கு அதிகாரி நான். நீர் எப்பவும் நான் கூப்பிடறதுக்கு முன்னாடியே போயிடறீரே!"

"தீ பிடிச்ச ஒடன போனாத்தான சார் அணையும்?"

"வாஸ்தவம். ஆனா சட்டத்துல அப்படி இல்லே."

இதை எழுதியவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தாராவியில் தீ பிடித்தால் ஒருவன் இரானி டீக்கடைக்கு ஓடிப் போன் செய்ய வேண்டும். தீயணைப்பு நிலையம் வார்டனின் ஆபீசுக்குப் போன் செய்ய வேண்டும். வார்டன் மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு பஸ் பிடித்து வந்து, அண்ணாச்சியைப் பார்த்து "வாரும்" என்று சொல்ல வேண்டும். தகரமும் கோணியும் வைத்துக் கட்டிய குடிசை அதுவரை எரியாமல் காத்துக்கொண்டிருக்கும் என்று எவனோ ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து நினைத்திருக்கிறான்.

அடுத்து ஒரு மரக்கடை பற்றிக்கொண்டது. அண்ணாச்சி வழக்கம்போல ஓடினார். திரும்பி வந்ததும் சேட் கேட்டான், "கிஸ்னே புலாயா?" யார் கூப்பிட்டது என்கிறான். பேடா தின்ற வாய்! வார்டனிடம் ஆள் அனுப்பி விசாரித்தான். அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை கூப்பிடாமல் போனால் திரும்பி வர வேண்டாம் என்றான் சேட்.

இனிக் கூப்பிடாமல் போகமாட்டேன் என்று மதினி அன்று சாயங்காலமே அவரிடம் சத்தியம் வாங்கினாள். சாமி படத்தின் மேல் அல்ல, பால்டியின் மேல் கைவைத்து. அதன்மேல் செய்த சத்தியத்தைத்தான் அவர் மீறமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

கொஞ்ச நாளில் அது வந்தது. உச்சி வெயில் நேரம். கார்கானாவுக்குப் பின்னால் எங்கள் சந்துப் பக்கமே புகை எழும்பியது. சேட் மிரட்டியிருந்தது அண்ணாச்சியை மட்டும்தான், நாங்கள் எல்லாரும் ஓடினோம். அண்ணாச்சி காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் கார்கானா பால்டியோடு கேட் வரைக்கும் வந்தார். அங்கே நின்றுவிட்டார். கேட்டுக்கு உள்ளே சேட் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணாச்சி, வாங்க!" என்று கத்தினேன்.

"போன் போட்டாச்சா?"

"போட்டாச்சு. வாங்க!"

"வார்டன் கூப்பிட்டாரா?"

"நான் கூப்பிடுதேன்லா!"

"நீ கூப்பிட்டா செல்லாது தம்பி."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு கால் கேட்டுக்கு வெளியே, ஒரு கால் உள்ளே. பால்டி சாய்ந்து தண்ணீர் காலில் சிந்திக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுச் சிந்தினாலும் உயிர் போனதுபோலக் கத்துகிற மனிதர், அதைக் கவனிக்கவே இல்லை.

அப்போது மதினி வந்தாள். தலை அவிழ்ந்து, முகமெல்லாம் கரி.

"என்ன நிக்கிய? வாங்க!"

"சத்தியம் பண்ணியிருக்கேனே. வேல போயிரும்."

"சத்தியம் வாங்குனது நாந்தான. வேல போனா நான் வீடு வீடாப் பாத்திரம் தேய்க்கேன். நான் கூப்பிடுதேன், வாங்கங்கேன்!"

ஓடினார் பாருங்கள். பிறகு என்ன, பிள்ளைகளை இழுத்து வெளியே விட்டார், கூரைகளைப் பிய்த்தெறிந்தார், குழாயடியிலிருந்து ஆளை வரிசையில் நிறுத்திப் பால்டியைக் கைமாற்றினார். சந்து பிழைத்தது. அவர் கேட்டில் நின்ற நேரத்தில் போனது இரண்டு குடிசைதான். ஒன்று என்னுடையது.

எல்லாம் அணைந்த பிறகு வார்டன் பஸ்ஸிலிருந்து குதித்து மூச்சிரைக்க வந்தார். விசிலை எடுத்து ஊதினார்.

"ஓய், உம்மைக் கூப்பிட்டாச்சு!"

அந்தச் சாம்பலில் நின்று நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அழுகிறதுக்குத் தெம்பு இல்லை.

சேட் சொன்னபடியே வேலையை விட்டு நிறுத்தினான். தொழிலாளர் அதிகாரியிடம் போனோம். நானும் சாட்சி. அதிகாரி கேட்டார், "யார் கூப்பிட்டுப் போனீர்கள்?"

"எங்க வீட்டுக்காரி."

குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். சட்டம் சொல்லும் அதிகாரிகளில் வீட்டுக்காரி இல்லை. வார்டன் கூப்பிட்டது தீ அணைந்த பிறகு. விசாரணை அதோடு முடிந்தது. தொண்டனுக்காகப் போட்ட சட்டம் என்றார்கள். யாருக்குப் போட்டார்களோ, எனக்கு அலுத்துவிட்டது.

வேறு வேலை தேடிக் கல்யாண் பக்கம் போவதற்கு முன்னால் அண்ணாச்சி என்னைப் பார்க்க வந்தார். புதிதாக நான் கட்டிக்கொண்டிருந்த குடிசையின் தகரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"கூப்பிடட்டும்னு நின்னுட்டேன் தம்பி" என்றார். போகும்போது தண்ணீர் பால்டியை என் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பால்டி துருப்பிடித்துப் போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ வாங்கிவிட்டேன். குழாய் வறண்டு கிடக்கிற நாட்களில் என் மகன் குளிக்க ஒரு செம்பு கேட்டு என்னோடு சண்டை போடுகிறான். வாசலில் இருக்கிறதை மட்டும் நான் தொட விடுவதில்லை.