குறை சொல்லும் பெட்டி

ஏழு கடல், ஏழு மலையெல்லாம் தாண்ட வேண்டாம். ஒரே ஓர் ஆற்றைத் தாண்டினால் போதும், செங்காட்டு நாட்டின் தலைநகரம் வந்துவிடும். தாண்டுவதற்குத்தான் பாலம் இல்லை.

அந்நாட்டில் ஒரு பழைய வழக்கம். ஆண்டுக்கொரு நாள் குடிகள் வாய்விட்டுக் குறை சொல்ல, அரசர் நின்றுகொண்டே கேட்க வேண்டும். இப்போதைய அரசருக்கு முழங்கால் வலி. ஆகவே பண்டிதர்கள் ஒரு பெட்டி செய்து, இதுவரை அரண்மனை முற்றத்தில் பேசப்பட்ட பேச்சையெல்லாம் அதற்குள் கொட்டினார்கள். பெட்டிக்கு ஒன்றும் புரியாது. ஆனால் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பது அத்துப்படி. அரசவையில் அதுவரை இதற்கு ராஜதந்திரம் என்று பெயர்.

உடனே ஆணை பிறந்தது: இனிக் குடிகள் பேச வேண்டியதில்லை, அவர்கள் குறையைப் பெட்டியே சொல்லும். பிறகு, பெட்டி சொன்ன குறை தீர்ந்த குறையாகவே கருதப்படும் என்றார்கள். கடைசியில், பெட்டி சொல்லாததைச் சொல்பவர் புரளி கிளப்பியவர் ஆனார்.

இதெல்லாம் தெரியாமல் வரிசையில் நின்றாள் தங்காயி. வழக்கமாக வருகிற அவள் புருஷன் சடையன் தை மாதம் காய்ச்சலில் போய்விட்டான். மகளுக்கு ஐப்பசியில் பேறு. மருத்துவச்சி இருப்பதோ தலைநகரில். ஐப்பசி வெள்ளத்தில் பரிசல் ஓடாது. தண்ணீருக்குப் பயந்தவள், கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் வந்து சேர்ந்திருந்தாள்.

“மகாராசா...”

“பேசாதம்மா,” என்றார் பெரிய மந்திரி. “சடையன் வீடுதானே? உங்க குறை பெட்டியிலேயே இருக்கு.”

“அவரு செத்துட்டாருங்க சாமி.”

“அதனால என்ன? பெட்டிக்கு அது ஒரு தடையில்லை.”

பெட்டி கரகரத்தது. சடையனின் குரலேதான். “பாலம் வேணும் மகாராசா. எம் பொஞ்சாதி தண்ணியக் கண்டா நடுங்குவா. பரிசல்ல என் கையப் புடிச்சுக்கிட்டே வருவா. எனக்கப்புறம் யாரு புடிப்பா?”

வரியைக் குறைக்கச் சொல்லப் போகிறேன் என்றல்லவா ஒவ்வோர் ஆண்டும் கிளம்பினார் அந்த மனுஷன்! தங்காயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அதுக்கு மகாராசா என்ன சொன்னாருன்னும் இந்தப் பொட்டி சொல்லுமா சாமி?”

“பேஷாகச் சொல்லும்!” என்றார் மந்திரி, பெருமை தாங்காமல்.

வழக்கப்படி இன்னும் நின்றுகொண்டே இருந்த அரசர் கம்பீரமாகச் செருமினார். அவர் வாய் திறந்து பேசுவதற்குள் அவர் குரலிலேயே பெட்டி முழங்கியது: “குடிமகளே, உன் துயரம் என் துயரம். அடுத்த ஆண்டு பார்க்கலாம்.”

திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

“எங்க ஊருக் கம்மாய் கரை ஒடஞ்சு தண்ணி நிக்கலியே, அதுக்கு?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

“குடிமகனே, உன் துயரம் என் துயரம். அடுத்த ஆண்டு பார்க்கலாம்.”

“யப்பா! நம்ம பேச்சாவது வீட்டுக்கு வீடு மாறுது. இவரு பதிலு மாறவே இல்லியே!” என்றான் அவன்.

வரிசை சிரித்தது. சிரித்துக்கொண்டே கலைந்து, ஆற்றங்கரைக்கு நடந்தது. மூங்கில் வைத்திருந்தவன் மூங்கில் கொடுத்தான், தோள் இருந்தவன் தோள் கொடுத்தான். ஐப்பசியில் மருத்துவச்சி புடவை நனையாமல் வந்து சேர்ந்தாள். பேத்தி பிறந்தாள். அதன் பிறகு தங்காயி முதன்முறையாகப் பாலத்தில் கால் வைத்து, நடுவில் நின்றுவிட்டாள். எதிரே வந்தவள் யாரோ, முகம்கூடத் தெரியாது, கையை நீட்டினாள். தங்காயி அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சடையன் கேட்ட கேள்விக்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

அடுத்த ஆண்டு முற்றத்தில் ஈ, காக்கைகூட இல்லை. பெட்டி மட்டும், “பாலம் வேணும் மகாராசா,” என்றது. பதிலையும் அதுவே சொன்னது.

“பிரபு, தாங்கள் இனி உட்காரலாம்,” என்றார் மந்திரி.

அரசர் உட்கார்ந்தார். நாட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.