அசலும் வட்டியும் தாய்மாமனும்

"இன்னிக்குத்தானா வரணும்? பொண்ணு பாக்க வர்றாங்க சார்!" என்று அஞ்சம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

பாங்க் சடையப்பன் மொபெட்டை ஸ்டாண்டு போட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கல்விக் கடன் வசூலுக்காக மாதம் ஒரு முறை மரக்காணம் வருகிறவர்.

"ஞாயித்துக்கிழமைதாம்மா உங்க பொண்ணு வீட்ல இருக்குது. மத்த நாள்ல வந்தா பூட்டுதானே தொங்குது?"

அதில் பொய்யில்லை. அருள்மொழி பாண்டிச்சேரியில் கடன் வாங்கிச் சமூகவியல் எம்.ஏ. படித்தவள். சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு தொண்டு நிறுவனத்தில், எத்தனை வலை போனது, எத்தனை பாய் கொடுத்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் வேலை. சம்பளம் ஆயிரத்து எண்ணூறு. தவணை ஆயிரத்துத் தொள்ளாயிரம். இந்தக் கணக்கை அவள் எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டாள். சாப்பாடு, பஸ் காசு எதையும் சேர்க்காமல் போட்டாலும் நூறு ரூபாய் இடித்தது.

முன்பு வந்த இரண்டு வரன்களும் "லோன்" என்ற பேச்சு வந்ததும் எழுந்து போய்விட்டார்கள். இந்த மூன்றாவது வரன் தானாக அமைந்தது. புரோக்கர் வீடு தேடி வந்து ஜாதகம் கொடுத்தார், கமிஷன்கூடக் கேட்கவில்லை. மாப்பிள்ளை கலையரசன் பெருமுக்கல்காரன், வரலாறு எம்.ஏ., திண்டிவனத்தில் தனியார் பள்ளி வாத்தியார். இந்த முறை கடனைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அருள்மொழிக்கு அது பிடிக்கவில்லை. எதிர்த்துப் பேசத் தெம்பும் இல்லை.

தெருமுனையில் கார் திரும்பியது.

"சார், உள்ள வந்து உக்காருங்க. யாரு கேட்டாலும் நீங்க எங்கண்ணன். மெட்ராஸ்ல இருக்கீங்க."

"அண்ணனா?"

"பையை மட்டும் தொறந்துடாதீங்க!"

அருள்மொழியின் அப்பா மாயவன், உப்பளத்தில் நின்று நின்று வெடித்துப்போன பாதங்களை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். மாப்பிள்ளை தன் அம்மாவோடு உள்ளே வந்தான். சடையப்பனைக் கண்டதும் குனிந்த தலை நிமிரவேயில்லை. மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தான். நல்ல கூச்ச சுபாவம் என்று அஞ்சம்மாளுக்கு ஒரே சந்தோஷம்.

மாப்பிள்ளையின் அம்மா சாமுண்டீஸ்வரி பஜ்ஜியை முடித்துவிட்டுச் சடையப்பனைப் பார்த்தாள். "இவரு யாருங்க?"

"எங்கண்ணன். பொண்ணுக்குத் தாய்மாமன்."

தப்பு அங்கேதான் நடந்தது. அப்பா வழியில் பெரியப்பா என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். தாய்மாமன் என்றதும் சாமுண்டீஸ்வரி நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப உங்ககிட்டதாங்க பேசணும். தாய்மாமன் சீர் எவ்ளோ வரும்?"

எவ்வளவு வரும் என்று யார் கேட்டாலும் சடையப்பனின் கை பைக்குள் போய்விடும். இருபது வருஷப் பழக்கம். கடன் நோட்டை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"எண்பத்தோராயிரத்து முந்நூத்தி நாப்பது."

"அடேங்கப்பா! சில்லறை வரைக்கும் கணக்கு போட்டு வெச்சிருக்காரே! எப்ப கெடைக்குங்க?"

"நானும் பத்து மாசமா அதைத்தாம்மா இவங்ககிட்ட கேட்டுட்டிருக்கேன்."

"குடுக்கறதுக்கு இவ்ளோ அவசரப்படுற மாமனை நான் பாத்ததேயில்ல!" என்று சாமுண்டீஸ்வரி பூரித்தாள்.

மாயவன் பதறிப்போய்க் குறுக்கே புகுந்தார். "அவ்ளோல்லாம் வேணாங்க. கொஞ்சம் கொறைச்சுக்கலாம்."

"கொறைக்கல்லாம் முடியாதுங்க," என்றார் சடையப்பன் கண்டிப்பாக. "நாளாக ஆக ஏறத்தான் செய்யும்."

"அப்படின்னா கல்யாணத்த தை மாசத்துக்குத் தள்ளி வெச்சுக்கலாமே!"

காபித் தட்டோடு வந்து நின்ற அருள்மொழிக்கு ஒரேயடியாக அலுத்துப்போனது. படித்தது இரண்டு வருஷம். அதை மறைத்து மறைத்துக் கழிந்ததும் இரண்டு வருஷம். போதும் என்று தோன்றியது. தட்டைக் கீழே வைத்தாள்.

"அது சீர் இல்லைங்க. என் படிப்புக் கடன். இவரு மாமா இல்ல, பாங்க்லேந்து வந்திருக்காரு. என் சம்பளம் தவணைக்கே பத்தாது."

சாமுண்டீஸ்வரி எழுந்து முந்தானையை உதறிச் செருகினாள். "ஏங்க, கடனையா சீர்னு சொன்னீங்க? டேய், கெளம்பு!"

அப்போதுதான் கலையரசன் முதல்முறையாக வாயைத் திறந்தான். "உக்காரும்மா. எனக்குப் பொண்ணு புடிச்சிருக்குது."

"எண்பத்தோராயிரம்டா!"

"இருக்கட்டும். படிச்ச கடன்தானே? அதுல என்ன தப்பு?"

அருள்மொழிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிச் சொல்லவும் உலகத்தில் ஒருவன் இருக்கிறானே என்று நெஞ்சு நிறைந்தது. மாயவன் வேட்டிக்குள்ளிருந்து பாதங்களை வெளியே நீட்டினார். சாமுண்டீஸ்வரி மகனைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் உட்கார்ந்து இன்னொரு பஜ்ஜியை எடுத்தாள்.

சடையப்பனை வழியனுப்ப அருள்மொழியே வாசலுக்கு வந்தாள். "மன்னிச்சிடுங்க சார். இன்னிக்கும் உங்களைச் சும்மா அலைய வெச்சிட்டோம்."

"யாரு சும்மா அலைஞ்சா?" சடையப்பன் மொபெட்டை மிதித்துக் கிளப்பினார். "மாப்ள ஜாதகத்த புரோக்கர்கிட்ட குடுத்தனுப்பினதே நான்தாம்மா. மாப்ளையும் நம்ம பிராஞ்சுல படிப்பு லோன் வாங்கினவருதான். ரெண்டு சம்பளமும் ஒரே வீட்டுக்கு வந்தா, மாசம் ஒருத்தர் தவணையாவது முழுசா வந்துடும்ல?"