கைப்பிடி கழன்ற சனிக்கிழமை

கல்யாணமான புதிதில் ஒரு பெண்ணுக்கு மிகவும் தேவைப்படும் பொருள் கதவு. நகை, பட்டுப்புடவை, பாத்திரம் எல்லாம் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள். கதவு சாத்துமா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. (எங்கள் அப்பாவும் பார்க்கவில்லை. சம்பந்தி வீட்டுக் கதவை ஆட்டிப் பார்ப்பது மரியாதை இல்லையாம்.)

நான் வாழ்க்கைப்பட்டது பாண்டியில், குருசுக்குப்பம் போகும் வழியிலிருந்த ஒரு பழைய வீட்டுக்கு. எண்பதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரர் அருளுக்குச் சேலத்தில் ஒரு மில்லில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வருவார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுவார். மற்ற நாள்களில் வீட்டில் மாமனார், மாமியார், நான். மாமனார் பிரெஞ்சுக்காரர் காலத்தில் தபாலாபீசில் இருந்தவர். அதிகம் பேசமாட்டார்.

எங்கள் அறைக் கதவுக்குப் பித்தளைக் கைப்பிடி. அழுத்தினால் கீழே இறங்கும், விட்டால் மேலே வரவேண்டும். எங்களுடையது வராது. எந்நேரமும் தொங்கிக்கொண்டே இருக்கும். அது தொங்கினால் பூட்டின் நாக்கு வெளியே நீளாது. நாக்கு நீளாவிட்டால் கதவு நிற்காது. கொஞ்சம் கடல்காற்று வந்தாலும் ஆவென்று திறந்துகொள்ளும். உள்தாழ்ப்பாள் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது போய் மாட்டவேண்டிய நிலைச்சட்டத்தைக் கரையான் சாப்பிட்டிருந்தது.

ஆகவே சனிக்கிழமை ராத்திரிகளில் கதவுக்கு முட்டுக்கொடுக்க இரும்புப் பெட்டியை இழுப்போம். அது தரையில் உரசுகிற சத்தம் கப்பலில் நங்கூரம் இறக்குவதுபோல் இருக்கும். உடனே கூடத்திலிருந்து மாமியார் குரல் வரும்: "யாரு அங்க, பெட்டிய நவுத்துறது?"

அருள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார். அதன்பிறகு நாங்கள் பேசுவதெல்லாம் கொசுவுக்குக்கூடக் கேட்காது. ஞாயிறு வந்துவிடும். பஸ் போய்விடும். அவர் கழற்றிப் போட்ட சட்டையை வெள்ளிக்கிழமை வரைக்கும் துவைக்காமல் வைத்திருப்பேன். (ஏன் என்று மாமியார் கேட்டபோது சோப்பு தீர்ந்துவிட்டது என்றேன்.)

கைப்பிடியை மாற்றச் சொல்லி மாமனாரிடம் கேட்கலாம். ஆனால் புது மருமகள் போய், "மாமா, எங்க ரூம் கதவு சாத்திக்கணும்" என்று எப்படிச் சொல்வது? ஒரு சனிக்கிழமை நானே மார்க்கெட்டுப் பக்கம் போய்ப் புதுக் கைப்பிடி வாங்கிவந்தேன். மாமனாரும் மாமியாரும் மாதா கோயிலுக்குச் சாயங்காலப் பூசைக்குப் போனதும், தையல் மிஷின் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினேன். தையல் மிஷினுக்கு எண்ணெய் போடத் தெரிந்தவளுக்குக் கதவு என்ன பிரமாதம்?

கழற்றியது சுலபமாகத்தான் இருந்தது. இரண்டு பக்கத்துக் கைப்பிடியும் வந்தன, நடுவில் ஓடும் சதுரக் கம்பியும் வந்தது. அறைக்குள் நின்று புதுக் கம்பியைச் செருகினேன். அது ஒல்லி, லொடலொடவென்று ஆடியது. சரி, துவாரத்தைக் கொஞ்சம் சரிசெய்வோம் என்று ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்பினேன். பூட்டுக்குள் ஏதோ 'களுக்' என்று கழன்று விழுந்தது. அதே நேரம் கடல்காற்று அடித்தது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. இத்தனை காலம் வெளியே வராத நாக்கு, அன்றைக்குப் பார்த்து முழுசாக நீண்டு கவ்விக்கொண்டது.

பழைய கம்பி, புதுக் கம்பி எதைச் செருகினாலும் சும்மா சுற்றியது. ஜன்னலில் இரும்புக் கம்பிகள். நான் உள்ளே. கதவில் கட்டைவிரல் அளவுக்கு ஓர் ஓட்டை.

அப்போதுதான் அருள் வந்தார்.

"என்னங்க, மாட்டிக்கிட்டேங்க."

ஓட்டையில் ஒரு கண் வந்து நின்றது. "என்னா பண்ண நீ?"

"கதவு சாத்தணும்னு பண்ணேன்."

"சாத்திடுச்சே!" என்று சிரித்தார். பிறகு, "ஒரு கண்ணுதான் தெரியுது. நல்லாருக்கு" என்றார்.

தள்ளினார், இடித்தார், தோளைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் கதவுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அவர் பேச ஆரம்பித்தார். மெஸ் சாம்பாரைப் பற்றி, கூடத் தங்கியிருப்பவரின் குறட்டையைப் பற்றி, பாண்டி பஸ்ஸைப் பார்த்தால் டிக்கெட் வாங்காமலே ஏறிவிடத் தோன்றும் என்பதைப் பற்றி. இதில் ஒன்றைக்கூட அவர் அதுவரை என்னிடம் சொன்னதில்லை. திறந்து கிடந்த கதவுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தவர், மூடிய கதவு கிடைத்ததும் கொட்டித் தீர்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டது. எழுந்துபோய்க் கொக்கியை மாட்டிவிட்டுத் திரும்பினேன். அதற்குள் மாமியார் பூசையிலிருந்து வந்து, மகனை ஆசாரி வீட்டுக்கு விரட்டியிருந்தார். இது எனக்குத் தெரியாது. ஓட்டை இருட்டாக இருந்தது. யாரோ குனிந்து மறைத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, அவர்தானே!

வாயை ஓட்டையில் வைத்து மெல்லச் சொன்னேன்: "ஒங்கள பாக்காம எனக்கு சோறே எறங்கலங்க. நானும் சேலத்துக்கே வந்துடறேன். ஒரு ரூமு போதும்."

"ம்?"

அருளுக்கு இதுவும் கேட்கவில்லையே என்று எனக்கு ஆத்திரம். குரலை உயர்த்தி, சோறு இறங்காததையும் ரூமையும் மறுபடி தெளிவாகச் சொன்னேன். "ஒங்கம்மாகிட்ட தைரியமா பேசுங்க!" என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

 வெளியே ஒரு கனைப்பு.

"அருளு ஆசாரிய கூப்புடப் போயிருக்காம்மா" என்றது மாமனாரின் குரல். "வந்ததும் சொல்றேன்."

அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டு அக்கா களுக்கென்று சிரித்தது கேட்டது. மாமியாரிடமிருந்து மூச்சுக்கூட வரவில்லை. அவர் அங்கே நிற்கிறார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆசாரிக்குக் காய்ச்சல் வரட்டும், கதவு ஜென்மத்துக்கும் திறக்காமல் போகட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

ஆசாரி திடகாத்திரமாக வந்தார். நிலைச்சட்டத்தில் உளி விழுந்த சத்தத்துக்கு நடுவே மாமனார் சொன்ன சொல் தவறாதவர் என்பது தெரிந்தது. "ஒம் பொண்டாட்டிக்கு சோறு எறங்கலியாம். சேலத்துல ஒரு ரூமு போதுமாம். ஒங்கம்மாகிட்ட தைரியமா பேசணுமாம். வுவாலா, அவ்ளோதான்." அத்தனை பேர் முன்னிலையில், ஒரு சொல் விடாமல்.

கதவு திறந்தது. நான் பார்த்தது அருளின் கால்களை மட்டும்தான். தலையைத் தூக்கவில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அருள்தான் தொண்டையைச் செருமி, "அம்மா..." என்றார். அதற்குமேல் தைரியம் வரவில்லை. மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்குப் பருக்கை நிஜமாகவே இறங்கவில்லை.

காலையில் அடுப்படிக்குப் போனேன். மாமியார் பரணிலிருந்து இறக்கிய சின்ன இட்லிப்பானையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்: "ரெண்டு பேருக்கு இது போதுமா பாரு. இத மொதல்லயே சொல்றதுக்கென்னா? கதவ ஏன் ஒடைச்ச?"

அடுத்த மாதமே சேலம் போய்விட்டேன்.

இப்போது மாமனார், மாமியார் இருவரும் இல்லை. வேலையெல்லாம் முடிந்து பாண்டிக்கே திரும்பி, நாங்கள் லாஸ்பேட்டையில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் யாராவது "ம்?" என்றால், பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவார்கள்: "மொதல்ல யாருன்னு பாத்துட்டுப் பேசும்மா!" மாமனாரைப் பார்த்தே இராத பேரப்பிள்ளைகளும் கத்துகின்றன.

வயதாக ஆக அருளின் குரல் அப்படியே அவர் அப்பாவின் குரலாகிவிட்டது. சில சாயங்காலங்களில் அடுத்த அறையிலிருந்து அவர் "ம்?" என்பார். சொல்லவந்ததை நான் உடனே சொல்வதில்லை. இன்னொரு தடவை அந்தக் குரல் கேட்கட்டும் என்று பேசாமல் நிற்பேன்.