முரட்டு லேப்டாப்புக்குக் காவல்

சனிக்கிழமை வீட்டைவிட்டு ஓர் அடிகூட நகர்வதில்லை என்று சர்வேயர் சபதம் எடுத்தது வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு. அதற்கு இரண்டு நிமிடம் முன்னால்தான் மனைவி அந்தச் செய்தியைச் சொல்லியிருந்தாள். அவளுடைய தம்பி சனிக்கிழமை வீடு மாறுகிறான். புது வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இரும்பு பீரோ உண்டு.

சர்வேயருக்கு இருப்பது ஒரே ஒரு முதுகு. அதைக் காப்பாற்ற ஏதாவது கிடைக்குமா என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டில்மேல் ஆபீஸ் லேப்டாப் இருந்தது.

வெயிலிலும் புழுதியிலும் நிலம் அளக்கப் போகிறவர்களுக்கென்றே செய்த முரட்டு லேப்டாப் அது. கீழே போட்டாலும் உடையாது, மழையில் நனைந்தாலும் கெடாது. தூசி புகுந்துவிடுமென்று உள்ளே விசிறிகூட வைக்காமல் இறுக்கி மூடியிருந்தார்கள். ட்ரோன் எடுத்த நாலாயிரம் படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்கும் வேலை அதில் ஓட வேண்டும். முப்பது மணி நேரம், நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் மறுபடி முதலிலிருந்து. திங்கட்கிழமை காலை வரைபடம் வராவிட்டால் இனி உமக்கு இங்கே வேலை இல்லை என்று தலைமைப் பொறியாளர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

“சனிக்கிழமை என்னால வர முடியாதேம்மா. லேப்டாப் ஓடிக்கிட்டிருக்கும். பக்கத்துல ஆள் இருக்கணும்.”

“எதுக்கு?”

“சூடாயிடும்.”

“நீங்க பக்கத்துல இருந்தா ஆறிடுமா?”

“பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்மா.”

“போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு தடவைகூடத் தொட்டுப் பாக்கலையே நீங்க.”

“நீ சூடானா அணைஞ்சு போக மாட்டியே!”

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் மருந்துக் கிடங்கில் குளிர்பெட்டிகளுக்குப் பொறுப்பாளி. பத்து வருடமாகச் சூட்டோடு மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்குகிறவள். அவளிடம் போய்ச் சூட்டைப் பற்றிக் கதை விட்டோமே என்று சர்வேயருக்கு அப்போது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை விடுப்பு போட்டுவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். காவல் என்றால் சும்மா இல்லை. அடிபடாமல் இருக்க லேப்டாப்பை அதன் தடித்த பஞ்சு உறையோடு மெத்தைமேல் வைத்தார். வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் நகர்த்தினார். போரடிக்காமல் இருக்க அதிலேயே மல்யுத்தம் போட்டுப் பார்த்தார். மத்தியானம் லேப்டாப் பட்டென்று அணைந்தது. தொட்டுப் பார்த்தார், கை சுட்டது. ஆற வைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பார்த்தால், பதினெட்டு மணி நேரம் ஓடியது மறுபடி அணைந்து கிடக்கிறது.

இப்போது சர்வேயருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. பீரோ மறந்துபோனது, முதுகு மறந்துபோனது. இன்னும் ஒரு தடவை நின்றால் திங்கட்கிழமைக்குள் வரைபடம் வராது. பதினோரு வருட உத்தியோகம் அந்தக் கறுப்புத் திரைக்குள் போய்விடும். நேரே சமையலறைக்குப் போய் நின்றார்.

“நீதாம்மா ஏதாவது செய்யணும்.” அந்தக் குரலில் நடிப்பு இல்லை.

மனைவிக்கும் அது தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள்.

“உள்ள விசிறி இல்லைன்னா சூடு எந்த வழியா வெளியே போகும்?”

“உடம்பு வழியாத்தான்.”

“அந்த உடம்புக்குக் கம்பளி போத்தி, மெத்தையில படுக்க வெச்சு, வெயில்ல காய வெச்சிருக்கீங்க?”

“முரட்டு லேப்டாப்மா அது. பாலைவனத்துலயே வேலை செய்யுமாம்.”

“பாலைவனத்துல மெத்தை ஏதுங்க?”

உறையை உருவி எறிந்தாள். ஜன்னலிலிருந்து தூர, நிழல் பக்கமாக மேஜையை இழுத்தாள். தட்டு கவிழ்க்கும் கம்பி ஸ்டாண்டைக் கொண்டுவந்து அதன்மேல் லேப்டாப்பை வைத்தாள். அடியில் நாலு விரல் இடைவெளி. டேபிள் ஃபேனைப் பக்கவாட்டில் திருப்பினாள்.

“நாள் பூரா சார்ஜ் ஏறிக்கிட்டே இருக்கே, அதுவும் சூடுதானே? எண்பது சதவீதத்தோட நிறுத்த முடியுமா?”

முடிந்தது. நாலு வருடமாக வைத்திருக்கிறார், அப்படி ஒரு வசதி இருப்பதே அவருக்குத் தெரியாது.

“திரை வெளிச்சத்தைக் குறைங்க. இது என்னங்க, ரெண்டு பேர் கட்டிப் புரள்ற மாதிரி படம்?”

“அது... எல்லைத் தகராறு.”

“மூடுங்க அதை!”

எட்டு மணிக்கு வேலை புதிதாக ஓடத் தொடங்கியது. கிடங்கில் பழசென்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கி வைத்திருந்த ஒரு வெப்பமானியை மனைவி லேப்டாப்பின் முதுகில் ஒட்டினாள். சூடு எல்லையைத் தாண்டினால் அவள் போனுக்குச் சேதி வரும்.

“நாலாயிரம் ஊசி மருந்து என் பொறுப்புல இருக்கு. ராப்பகலா பக்கத்துல உக்காந்தா பாத்துக்கறேன்? கிளம்புங்க, தம்பி காத்துக்கிட்டிருப்பான்.”

பீரோவின் தலைப்பக்கம் மைத்துனன், கால்பக்கம் சர்வேயர். கனமெல்லாம் கால்பக்கம்தான் இறங்குமென்று நில அளவையில் யாரும் சொல்லித் தரவில்லை. கூடவே வந்திருந்த மனைவியின் போன் அலறினால் வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று மனதில் ஒரு பாதி ஏங்கியது. அலறினால் வேலை போச்சு என்று மறுபாதி பதறியது.

“முப்பத்தெட்டு டிகிரி! நல்லா இருக்கு, ஏறுங்க!” என்று முதல் மாடியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

“மாமா, உங்களுக்கு எப்படி இருக்கு?” என்றான் மைத்துனன்.

“எனக்கு வெப்பமானி ஒட்டலைப்பா!”

போன் அலறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வரைபடம் முழுசாக வந்து நின்றது. ஆறு, பாலம், வரப்பு, எல்லைக்கல் எல்லாம் துல்லியம். லேப்டாப்பைத் தொட்டால் இளஞ்சூடுதான். தலைமைப் பொறியாளருக்கு அனுப்பினார். பத்தாவது நிமிடம் ‘அருமை’ என்று பதில் வந்தது. சர்வேயருக்குக் கண் நிறைந்துவிட்டது. முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ இல்லைன்னா நான் தெருவுலதாம்மா நின்னிருப்பேன். ரொம்ப நன்றி. இத்தனை வருஷத்துல வாய் திறந்து ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை. என்ன, அந்த பீரோவுக்கு மட்டும் ரெண்டு ஆள் பிடிச்சிருக்கலாம்.”

“தம்பி நாலு பேரை ஏற்பாடு பண்ணியிருந்தான். நேத்து காலையில நான்தான் போன் பண்ணி வேண்டாம்னேன்.”

“ஏம்மா?”

“அவங்க வந்திருந்தா ஒன்பது மணிக்கே வீட்டுக்குத் திரும்பியிருப்பீங்க. லேப்டாப்ல கோளாறே இல்லீங்க. பக்கத்துல ஆள் இருந்ததுதான் கோளாறு.”