நிற்காத இயந்திரமும் சைபர் டீச்சரும்

கோயமுத்தூருக்குக் கம்ப்யூட்டர் வந்து சேர்வதற்கு வெகு காலம் முன்பே அதைப் பற்றிக் கனவு கண்டவர் எங்கள் கணக்கு டீச்சர்; நாங்கள் வைத்த பெயர் சைபர் டீச்சர். தனியாகக் கண்டிருந்தால் பரவாயில்லை, எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும் பெண்களையும் அல்லவா கூடவே காணச் சொன்னார்!

அறுபதுகளில், எங்கள் அல்ஜீப்ரா வகுப்பு அது. பாதிச் சமன்பாட்டில் சாக்பீஸ் நின்றுவிடும். மேற்கு மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்தபடி, "கண்ண மூடுங்க அம்மணிகளா. கம்ப்யூட்டர்னு ஒரு மிசினு. அதுக்குள்ள முடிவே இல்லாத ஒரு காகித நாடா, கட்டம் கட்டமாப் போகுது. தெரியுதுங்களா?" என்பார். பாலக்காட்டுக் காற்று முகத்தில் படும். நாடா தெரியும். அதன்மேலேயே தூக்கமும் வரும்.

ஒரு நாள் வராந்தாவில் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் சைபரோ ஒன்றோ எழுதினார். அதுதான் நாடா; அதன்மேல் நடக்கும் இயந்திரம் என் தோழி கமலவேணி. சைபரில் நின்றால் வலப்பக்கம் ஒரு கட்டம் போக வேண்டும். ஒன்றில் நின்றால் இடப்பக்கம். சைபரில் நின்றவள் பக்கத்து ஒன்றுக்குப் போனாள். அது அவளைத் திருப்பி அனுப்பியது. மறுபடி சைபர், மறுபடி ஒன்று. வேர்த்துக் கொட்டியது.

"ஏனுங்க டீச்சர், நான் எப்பங்க நிப்பேன்?"

"நிக்கவே மாட்டீங்க கண்ணு. இது பார்த்தாலே தெரியுது. ஆனா எந்த மிசினுக்கு எந்த விதி குடுத்தாலும், நிக்குமா நிக்காதான்னு முன்னாடியே சொல்ற ஒரு பொது வழி உண்டுங்களா? கிடையவே கிடையாதுன்னு நிரூபிச்சுப் போட்டாங்க!" அவர் கண்கள் பனித்திருந்தன.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை வந்தார். "ஏ புள்ள, நில்லு!"

கமலவேணி நடந்துகொண்டே இருந்தாள்.

"மிசினுக்கு அந்த வார்த்தை இன்னும் சொல்லித் தரலீங்க," என்றார் டீச்சர் பணிவாக.

தலைமையாசிரியை டீச்சர் பக்கம் திரும்பினார். "கணக்குல ஒரு புள்ள பெயிலானாலும் நீங்க ஊட்டுக்குப் போயிரோணும், ஆமா!"

டீச்சர் அதை மறுநாளே மறந்துவிட்டார். எங்களால் முடியவில்லை. வகுப்பில் கண்ணை மூடிக் கனவு கண்டோம். பள்ளி விட்டதும் மரத்தடியில் கூடி, அவர் பாதியில் விட்ட சமன்பாடுகளை நாங்களே போட்டு முடித்தோம். கமலவேணி அழுதுகொண்டே அல்ஜீப்ரா கற்றாள்.

எல்லோரும் தேறினோம். ஓடிப்போய்ச் சொன்னோம்.

"அப்படீங்களா? பரீட்சை எப்பங்க நடந்துச்சு?" என்றார் டீச்சர்.

கமலவேணி சிரித்துக்கொண்டே, அவர் சேலையில் படிந்திருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டாள்.